எட்டரை அக்காவும் ஒரு கழித்தல் குறியும்

சப்ரகமுவ மாகாணத்தில் கணிதத்தோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போனவர்கள் ஏராளம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் கணிதத்தையே தன்னிடம் மன்னிப்புக் கேட்க வைத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எட்டரை அக்கா.

அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருந்தது. எங்கள் ஆசிரியர், அதாவது சேர், வரவு எடுக்கும்போது அதைக் கூப்பிடுவார். ஆனால் வகுப்பு தொடங்கிய முதல் மாதத்திலேயே அது எல்லோருக்கும் மறந்துபோனது. ஏழரையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பிடித்தால் ஏழரை வருடத்தில் விட்டுவிடும். எட்டரை அப்படியில்லை. பிடித்தால் விடவே விடாது.

கேகாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு செருப்புக் கடை. அதன் மேல்மாடியில், வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டம் படிக்கிறவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடக்கும். எஹலியகொட பஜாரில் எங்கள் வன்பொருள் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த நான், பொருளியல் என்றால் விலைவாசியைப் பற்றிப் பெருமூச்சு விடுவதுதான் என்று நம்பி அங்கே போய்ச் சேர்ந்தேன். முதல் வருடத்திலேயே கணிதமும் புள்ளிவிபரவியலும் கட்டாயப் பாடம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆணியே போதும் என்று இருந்திருப்பேன்.

எட்டரை அக்கா யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் போகிற தாய்மார் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வயது முப்பத்தாறு. கணவர் இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அக்கா வகுப்புக்குக் குடையோடு வருவார், முன்வரிசையில் உட்காருவார், குடையை மடியிலேயே வைத்துக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். அதனால்தான் இதையெல்லாம் எழுத எனக்குக் கொடுத்து வைத்தது.

அந்தக் கணிதப் பாடத்தில் அவர் ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்திருந்தார். மூன்று தடவைக்குமேல் எழுத விடமாட்டார்கள். மூன்றாவது தடவையும் விழுந்தால் பதிவே ரத்து. அவர் பாஸ் பண்ணி வைத்திருந்த மற்றப் பாடங்களும் சேர்ந்து போய்விடும்.

“எதுக்குக்கா இந்தப் பாடு?” என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். எனக்கு வாய் நிற்காது.

“எங்க பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரே இல்ல தங்கச்சி. கணக்குப் பாடம் வந்தா பீ.டி. சேர் வந்து கொப்பியில கோடு போடச் சொல்லுவாரு. பத்து வருசம் கோடு போட்டோம். பொறகு ஓ.எல்.ல விழுந்தா, தோட்டத்துப் புள்ளைகளுக்குக் கணக்கு வராதுன்னுட்டாங்க. வருமா வராதான்னு நான் பாத்துட்டுத்தான் விடுவேன்.”

பதினோராம் தரப் பரீட்சையான அந்த ஓ.எல்.லில் கணக்கை எப்படியோ மறுபடி எழுதி ஒட்டிக்கொண்டு பாஸ் பண்ணியிருந்தார். அதை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இனி அந்தப் பெயர் வந்த கதை. எங்கள் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், வவுனியாவிலிருந்து இரவு பஸ் ஏறி வருவார். அவர் பேசுவது எங்களுக்கும் நாங்கள் பேசுவது அவருக்கும் முக்கால்வாசி விளங்கும். மிச்சக் கால்வாசியைக் கரும்பலகை பார்த்துக்கொண்டது. ஒரு நாள் அவர் சின்னதாக ஒரு சோதனை வைத்தார். பத்துத் தொழிலாளர்கள் ஒரு நாளில் பறித்த கொழுந்து இத்தனை இத்தனை கிலோ, சராசரியைக் காண்க. பத்தையும் கூட்டிப் பத்தால் பிரித்தால் முடிந்தது. எனக்கே சரியாக வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா எட்டரையால் பிரித்திருந்தார்.

சேர் தாளைத் தூக்கிப் பிடித்தார். “இதென்ன பிள்ளை? பத்துப் பேர் எண்டு கேள்வியில கிடக்கு. நீர் எட்டரையால பிரிச்சிருக்கிறீர். ஆக்களை அரைவாசியா வெட்டிப்போட்டீரோ?”

“நான் வெட்டலங்க சேர். தோட்டத்துலதான் வெட்டுறாங்க.”

தோட்டங்களில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று ஒரு அளவு உண்டு. நோம் என்பார்கள். அதை எடுத்தால் அன்றைக்கு ஒரு பேர் விழும், முழுச் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். சேர் தன்பாட்டுக்கு எழுதிய பட்டியலில் மூன்று பேர் நோமுக்குக் குறைவாகப் பறித்திருந்தார்கள். அக்கா அதைப் பார்த்த மாத்திரத்திலேயே பிடித்துவிட்டார்.

“ஏழு பேருக்கு முழுப்பேரு, மூணு பேருக்கு அரைப்பேரு. அப்ப எட்டரைதானுங்களே? சம்பளச் செக்ரோல்ல அப்பிடித்தான் கூட்டிப் போடுவாங்க.”

“அது சம்பளக் கணக்குப் பிள்ளை. இது புள்ளிவிபரவியல். இஞ்ச ஆள் எண்டால் முழு ஆள்தான்.”

“அப்ப அந்த மூணு பேரும் முழு ஆளுங்கதான்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வெச்சுக் குடுங்க சேர். நான் தோட்டத்துத் தொரகிட்ட கொண்டுபோய்க் குடுக்கிறேன்.”

வகுப்பு சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சைபர் போட்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றார். சேர் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை, சராசரியில் ஏன் எல்லோரும் முழு ஆளாக இருக்க வேண்டும் என்று எதிரில் நின்று விவாதித்தார். சேர் கை கழுவப் போனபோதும் பின்னாலேயே போனார். கடைசியில் தண்ணீர்க் குழாயடியில் வைத்து அவருக்கு விஷயம் விளங்கியது. “சரிங்க சேர், இந்தக் கணக்குல மனுசனுக்கு மரியாத இருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அன்றிலிருந்து அவர் எட்டரை அக்கா. அவரே வாட்சப்பில் அப்படித்தான் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

சமன்பாடுகள் அவரிடம் பட்ட பாடு தனி. பிள்ளைக்காம்பராவில் நாள் முழுக்கக் குழந்தைகளை மேய்க்கிறவர் இல்லையா, எக்ஸையும் அப்படியே நடத்தினார். “எக்ஸ் கண்ணு, நீ மட்டும் இந்தப் பக்கமா வா. மத்தவங்கள்லாம் அந்தப் பக்கம் போங்க. ஏய், அஞ்சு! நீ போறப்ப கழித்தலா மாறிப் போகணும்னு சொன்னேன்ல?” என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டுதான் கணக்குச் செய்வார். பரீட்சையில் இப்படிப் பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று சேர் பயமுறுத்தினார். அதன் பிறகு உதடு மட்டும் அசையும். விரல் மட்டும் ஆடி அஞ்சை மிரட்டும்.

பிள்ளைக்காம்பராவிலும் அதே கதை. தொட்டில்களை ஆட்டிக்கொண்டே சூத்திரங்களைப் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறது, அந்த நியம விலகல் பாட்டை எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று தாய்மார் வந்து கேட்டார்களாம். ஒரு குழந்தை அம்மா என்று சொல்வதற்கு முன்னால் சிக்மா என்று சொன்னதாக அக்கா சத்தியம் செய்கிறார். நான் நம்புகிறேன்.

சூத்திரம் மனப்பாடமாகிவிட்டது, ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று விளங்கவில்லை. பின்னம் வந்தால் தடுமாற்றம், கழித்தல் குறி வந்தால் தலைசுற்றல். “அடியில கல்லு இல்லாம மேல சுவரு கட்டுறேன் தங்கச்சி” என்றார். வேறு யாராக இருந்தாலும் இதைச் சொல்லிக் கவலைப்பட்டுவிட்டு விட்டிருப்பார்கள். இவர் யட்டியாந்தோட்டை பஜாரில் தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை டியூசன் நடத்துகிற மாஸ்டரிடம் நேராகப் போய் நின்றார்.

“ஒரு அட்மிஷன் போடணுங்க.”

“பிள்ளைக்கு என்ன வயசு?”

“முப்பத்தாறுங்க.”

மாஸ்டர் கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்தாராம். பிறகு பெயரை எழுதிக்கொண்டாராம். சேலை கட்டிக்கொண்டு, குடையும் சாப்பாட்டு டப்பாவுமாக, அக்கா பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு முன்பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னால் இருந்தவர்களுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து, “சேர், நாலாவது வரி எப்பிடி வந்துச்சு? வெளங்கல!” என்று கத்துவார். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் அவர்களுக்கே விளங்காத இடம் வந்தால், “ஆன்ட்டி, நீங்க கேளுங்க ஆன்ட்டி” என்று காதில் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த வகுப்பில் கேள்வி கேட்கிற வேலை முழுவதையும் அக்கா ஒப்பந்தம் எடுத்ததுபோல ஆகிவிட்டது.

தவணை முடிவில் எல்லாப் பிள்ளைகளுக்கும்போல அவருக்கும் முன்னேற்ற அறிக்கை கிடைத்தது. கடைசியிலிருந்து நாலாவது இடம். அதில் பாதுகாவலர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். அக்கா கணவரிடம் நீட்டினார். அந்த மனுசன் புள்ளியைப் பார்த்துவிட்டு, “இந்த மார்க்குக்கெல்லாம் நான் கையெழுத்து வெக்க மாட்டேன். ஒழுங்கா படிச்சிட்டு வா, பாக்கலாம்” என்று சொல்லிவிட்டாராம்.

ஆகவே அடுத்த சனிக்கிழமை கேகாலையில் வைத்து, அவரைவிடப் பத்து வயதுக்குமேல் இளையவளான நான் அவருக்குப் பாதுகாவலர் ஆனேன். ஆனதன் பலனாகப் பெற்றோர் கூட்டத்துக்கும் போக வேண்டி வந்தது. மாஸ்டர் என்னைக் கதிரையில் உட்காரச் சொன்னார். அக்கா பக்கத்தில் கை கட்டி நின்றார்.

“உங்க பிள்ள நல்லா முயற்சி பண்றாங்க, குறை சொல்றதுக்கு இல்ல. ஆனா மத்தப் பிள்ளைகளுக்கு விடை சொல்ல எடமே குடுக்க மாட்டேங்கிறாங்க.”

நான் திரும்பி அக்காவை முறைத்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, “இனிமே அப்பிடிச் செய்ய மாட்டேன் சேர்” என்றார்.

“வீட்டுலயும் கொஞ்சம் கண்டிக்கச் சொல்றேன் சேர்” என்று நானும் சொல்லிவைத்தேன். வெளியே வந்து இரண்டு பேரும் பஜார் நடுவில் நின்று வயிறு நோகச் சிரித்தோம். அடுத்த தவணை அவர் நடுவிடத்துக்கு வந்தார், கணவர் கையெழுத்துப் போட்டார்.

இடையில் நிகழ்தகவு வந்து சேர்ந்தது. இறப்பர் தோட்டத்தில் விடிகாலையில் மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது. ஆகவே நாளைக்கு மழை வருமா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. அக்கா சில வாரம் மழையைக் கவனித்துக் கணக்குப் போட்டுவிட்டு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று அறிவித்தார்: “நாளைக்கு மழைக்கு முக்கால்.”

முக்கால் என்றால் அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? மறுநாள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேர் போர்வையைவிட்டு வெளியே வரவில்லை. பளிச்சென்று வெயில் அடித்தது. வெளிக்கள உத்தியோகத்தர் லயத்துக்கே ஏறி வந்துவிட்டார்.

“யாரு இங்க வானிலை அறிக்கை வாசிக்கிறது?”

“நான்தாங்க ஐயா. ஆனா முக்கால்னுதான் சொன்னேன். கால்வாசி மிச்சம் இருக்குல்ல? இன்னைக்கு அந்தக் கால்வாசிங்க.”

அந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று ஐயாவுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. திட்டிவிட்டுப் போனார். அன்றைய சம்பளப் பேர் போனவர்கள் அக்காவோடு பேசாமல் இருந்தார்கள். ஆனால் பிறகு ஒரு நாள் அவர் சொன்னபடியே மழை கொட்டிவிட்டது. அதோடு நிலைமை மாறியது. வெற்றிலை பாக்கோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

“தாயி, எங்க பசு கிடாரி போடுமா, காளங்கன்னு போடுமா?”

“ரெண்டுக்கும் அரைக்கு அரை.”

“அத நாங்களே சொல்லிக்குவோமே தாயி. சாமி என்னா சொல்லுதுன்னு கேளுங்க.”

“சாமி எல்லாம் இல்லீங்க. இது நிகழ்தகவு.”

வந்த பெரியவர் மனைவியிடம், “புதுச் சாமி போல. நம்ம ஊருப் பக்கம் கேள்விப்படல” என்றாராம். அக்கா வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களை அனுப்பி வைத்தார்.

இப்படியாகப் பரீட்சை வந்தது. அவருக்கு மூன்றாவது தடவை, கடைசித் தடவை. எனக்கு முதல் தடவை. கேகாலையில் ஒரு மண்டபம். சிங்கள மொழிமூலம் எழுதுகிறவர்கள் ஒரு வரிசை, நாங்கள் ஒரு வரிசை. அன்று காலை அக்கா வாசலில் நின்று விரலை ஆட்டி அஞ்சை மிரட்டிக்கொண்டிருந்தார்.

முதல் கேள்வி கட்டாயக் கேள்வி, புள்ளியும் அதற்குத்தான் அதிகம். இறப்பர் பால் அளவுகள் இத்தனை, அவற்றின் கூட்டுத்தொகை இவ்வளவு, வர்க்கங்களின் கூட்டுத்தொகை இவ்வளவு என்று மட்டும் தந்து, மாறற்றிறனைக் கேட்டிருந்தார்கள். பயப்படாதீர்கள், எளிதாகச் சொல்கிறேன். ஒவ்வோர் அளவும் சராசரியைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு தூரத்தையும் அதனாலேயே பெருக்கி, பிறகு சராசரி எடுத்தால் அதுதான் மாறற்றிறன். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கழித்தல் குறி வரவே வராது. ஆகையால் மாறற்றிறனுக்கும் கழித்தல் கிடையாது. வந்தால் எங்கோ பிழை என்று அர்த்தம்.

எனக்குக் கழித்தலில் வந்தது. மறுபடி செய்தேன், மறுபடியும் கழித்தல். என்னுடைய பிழைதான் என்று முடிவு செய்து, அந்தக் குறியை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். எங்கள் வரிசையில் எல்லோரும் அதைத்தான் செய்தோம் என்று பிறகு தெரிந்தது. கழித்தல் குறியை விழுங்கிப் பழகிய வயிறுகள்.

அப்போது கதிரை ஒன்று கிறீச்சிட்டது. எட்டரை அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“மிஸ், பேப்பர் எக்க வெரதி.”

வினாத்தாள் பிழை என்று மேற்பார்வையாளர் அம்மாவிடம் சிங்களத்தில் சொல்கிறார். மண்டபம் முழுக்கத் திரும்பியது. அந்த அம்மா, உட்காரும்படி கையைக் காட்டினார். அக்கா உட்காரவில்லை, முன்னால் நடந்து போனார். நல்ல சிங்களத்தில், அமைதியாக, இந்த விடை இப்படி வராது, எத்தனை தரம் செய்தாலும் வராது, தமிழ்த் தாளில் ஏதோ எண் தவறியிருக்கிறது, சிங்களத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். மற்றவருடைய வினாத்தாளைப் பார்ப்பது விதிமீறல் என்றார் அம்மா.

“நான் பாத்தாத்தானே மிஸ் களவு? நீங்க பாத்தா அது மேற்பார்வை.”

இதை அவர் சிங்களத்தில் சொன்னபோது அந்த வரிசையிலிருந்து சிரிப்புக் கேட்டது. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நேரம் போகிறது, உங்கள் நேரம்தான் போகிறது, போய் எழுதுங்கள் என்றார். அது உண்மை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் விடைத்தாள் பின்னால் மேசையில் வெறுமையாகக் கிடந்தது. இனி இவருக்கு நாலாவது தடவை என்று ஒன்று கிடையாது. உட்காருங்கக்கா, உட்காருங்கக்கா என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

கடைசியில் அந்த அம்மா, இவரை அங்கிருந்து கிளப்புவதற்காகவே, இரண்டு தாள்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது. சிங்களத் தாளில் ஒரு கூட்டுத்தொகையின் கடைசியில் இருந்த சைபர் தமிழ்த் தாளில் விடுபட்டிருந்தது. தொலைபேசி எடுத்தார், வெளியே போனார், திரும்பி வந்தார். தனக்குத் தெரிந்த தமிழில், “தமிழ்ப் பிள்ளைங்க, முதல் கேள்வி ஒரு சைபர் போடுங்க. பிழை எங்க பிழை. மன்னிச்சுக்கோங்க. பதினைஞ்சு நிமிசம் கூட இருக்கு” என்றார்.

கணிதம் மன்னிப்புக் கேட்டது என்று நான் சொன்னது இதைத்தான்.

ஆனால் அக்கா இழந்தது அந்தப் பதினைந்து நிமிடத்தைவிட எவ்வளவோ அதிகம். நாங்கள் எல்லோரும் எழுதி முடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். தாளை வாங்கும்போதும் பேனா அசைந்துகொண்டேதான் இருந்தது. கடைசிக் கேள்வியைத் தொடவேயில்லை.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். “உங்களுக்கு இது கடைசி சான்ஸுக்கா! எங்களப் போல ஏதாவது எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கலாம்ல?”

அவர் குடையை விரித்தார். மழை இல்லை, ஆனாலும் விரித்தார்.

“தங்கச்சி, இத்தன வருசமா கணக்கு வரலன்னா நான்தான் பிழைன்னு நெனைச்சேன். ஒவ்வொரு தடவையும். இன்னைக்குத்தான் மொதல் தடவையா, பிழை என்கிட்ட இல்லன்னு எனக்கே தெரிஞ்சிச்சு. அப்பிடித் தெரிஞ்சதுக்குப் பொறகு எப்பிடி உக்காருறது, சொல்லு?”

நானும் அந்தக் குடைக்குள் போய் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு மாதக் கணக்கில் காத்திருப்பு. அக்கா ஞாயிற்றுக்கிழமை டியூசனுக்குப் போவதை நிறுத்தவில்லை. பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்றால், “தரம் எட்டு முடியலயே” என்பார். பதிவு ரத்தானால் என்ன செய்வீர்கள் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு நாள் அவரே சொன்னார், “விழுந்தா மறுபடி மொதல்லருந்து பதிஞ்சு, எல்லாப் பாடமும் எழுதுவேன்.” செய்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். மறுபடி பதிவுக் கட்டணம் கட்ட அந்த வீட்டில் வழியில்லை என்பதும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். பரீட்சைப் பெறுபேறு இணையத்தில் வந்துவிட்டது என்று வாட்சப்பில் செய்தி. அக்காவிடம் இருந்த போன், திரை நொறுங்கிய பழைய போன். என்னுடையதை எடுத்தேன். அவர் தன் பரீட்சைச் சுட்டெண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். அடித்தேன். வட்டம் சுற்றியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

“பாஸ்!”

கண் திறக்கவில்லை. “திரும்ப அடி.”

திரும்ப அடித்தேன். பாஸ்.

“ஒன் போன் புதுப் போன். அது பொய் சொல்லும்.”

“அக்கா, போன் எல்லாம் பொய் சொல்லாது!”

“பேப்பரே பொய் சொல்லுச்சு தங்கச்சி.”

எழுந்து கடை முதலாளியிடம் போனார். “முதலாளி, பொட்டக் பலன்ன” என்று, கொஞ்சம் பார்க்கச் சொல்லி, சுட்டெண்ணைச் சொன்னார். முதலாளி வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கை துடைத்து, தன் போனில் பார்த்தார். பாஸ் என்றார். அக்காவுக்குப் போதவில்லை. பனிஸ் தின்றுகொண்டிருந்த பாடசாலைப் பெண்ணின் போனில் பார்க்கச் சொன்னார். பாஸ். வெளியே போய் முச்சக்கர வண்டிக்காரரை நிறுத்தினார். அவர் சவாரிக்கு ஆள் வந்திருக்கிறது என்று வண்டியை உதைத்துக் கிளப்ப, இவர் போனை எடுங்கள் என்றார். அவருடைய போனிலும் பாஸ். கடைசியில் பஸ் ஸ்டாண்டில் கடமையில் நின்ற பொலிஸ்காரரிடமே போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். பொலிஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சுட்டெண்ணை அடித்து, திரையைத் தூரத்தில் பிடித்து வாசித்தார்.

“பாஸ் நோனா, பாஸ். தென் கெதர யன்ன.”

பாஸ்தான், இனி வீட்டுக்குப் போங்கள் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அக்கா அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். குடையை முகத்துக்கு மறைவாக வைத்துக்கொண்டு அழுதார். ஏங்கி ஏங்கி அழுதார். முதலாளி கடையிலிருந்து பிளேன்டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். முச்சக்கர வண்டிக்காரர் போகாமல் நின்றார். பொலிஸ்காரர் கூட்டத்தை விலக்கினார், விலக்கிவிட்டு அவரும் நின்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அந்த மனுசியை அவ்வளவு பிடிக்கும்.

பிறகு பஸ் ஏறினோம். கரவனெல்லை வரைக்கும் அவர் என் கையைப் பிடித்தபடியே வந்தார். இறங்கும் இடம் வந்ததும் தலையைத் தடவிவிட்டு இறங்கினார். யட்டியாந்தோட்டை பஸ்ஸைப் பிடிக்க அவர் வீதியைக் கடந்து போவதை, தெரிகிற வரைக்கும் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவிசாவளை நெருங்கும்போதுதான், அன்று எனக்கும் பெறுபேறு வந்திருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.